மொரிசியசில் டிஜிட்டல் மார்க்கெட்டிங்: புதிய வலைத் தொழில்நுட்பத்தை முன்கூட்டியே சோதிக்கும் முறை

ரோஸ் ஹில்லில் ஒரு துணிக்கடை, போர்ட் லூயிசில் ஒரு பூஜைப் பொருள் கடை, கடலோரத்தில் நான்கு அறை கொண்ட ஒரு விடுதி. மொரிசியசில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை பார்ப்பவருக்கு இந்த மாதிரி வாடிக்கையாளர்கள்தான் அமைவார்கள். பட்ஜெட் சிறியது. தீவின் மக்கள்தொகையே சுமார் 12.5 லட்சம். வருகிற எல்லாப் புதுமைகளையும் இங்கே துரத்திக்கொண்டிருக்க முடியாது. ஊரே செய்து முடித்தபின் தொடங்கினாலும் பலன் இருக்காது. எதை முதலில் எடுப்பது, எப்படிச் சோதிப்பது, எப்போது விட்டுவிடுவது என்று முடிவுசெய்ய ஒரு முறை வேண்டும். அதைப் படிப்படியாக இங்கே தருகிறோம்.

படி 1: புதுமை யாருடையது என்று பாருங்கள்

புதிதாக ஒன்று வந்தால் முதலில் கேட்க வேண்டியது: இது பொதுத் தரநிலையா, ஒரு நிறுவனம் தன் மேடைக்குள் தரும் வசதியா?

ஹெச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு) தளங்களுக்குத் தரவரிசையில் சிறு சலுகை உண்டு என்று கூகுள் 2014 ஆகஸ்டில் அறிவித்தது. கைபேசிக்கு ஏற்ற பக்கங்களுக்கு 2015 ஏப்ரலில் முன்னுரிமை வந்தது. அப்போதே மாறியவர்களின் உழைப்பு இன்றுவரை பலன் தருகிறது. அதே 2015-இல் வந்த ஏஎம்பி வடிவத்தை (கைபேசிக்கான கூகுளின் விரைவுப் பக்க வடிவம்) நம்பி ஒவ்வொரு பக்கத்துக்கும் இன்னொரு நகல் கட்டியவர்கள் 2021-இல் கையைப் பிசைந்தார்கள். தேடலின் முக்கியச் செய்திகள் பகுதிக்கு ஏஎம்பி தேவையில்லை என்று ஆனதும், இரட்டைப் பராமரிப்பு மட்டும் தலையில் நின்றது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. தேடல் முடிவுக்குக் கீழே கேள்வி-பதில் விரிவதற்காகப் பலர் எழுதிக் குவித்த மார்க்கப் (தேடுபொறிக்கான குறிமொழி), 2023 ஆகஸ்டுக்குப் பிறகு பெயர்பெற்ற அரசு, சுகாதாரத் தளங்களுக்கு மட்டும் என்று சுருங்கியது. பிசினஸ் புரொஃபைலோடு இலவசமாகக் கிடைத்த சிறு இணையதளங்களை 2024 மார்ச்சில் கூகுள் மூடியபோது, அதையே கடையின் ஒரே தளமாக வைத்திருந்தவர்களுக்கு இணையத்தில் முகவரியே இல்லாமல் போனது.

அதற்காக நிறுவன வசதிகளைத் தொடவே கூடாது என்பதில்லை. விளம்பரம், வாட்ஸ்அப், மேப் எல்லாமே நிறுவன வசதிகள்தான். ஆனால் அங்கே சேரும் வாடிக்கையாளர் பட்டியல், படங்கள், விமர்சனங்கள் ஆகியவற்றின் ஒரு பிரதி எப்போதும் கடைக்காரர் கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு புதுமைக்கும் மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் வையுங்கள்: நாளையே இது நின்றுபோனால் எது உடையும்? பழைய போன்காரருக்குப் பக்கம் வழக்கம்போலத் திறக்குமா? பலன் வந்ததா என்பதை எந்த எண்ணை வைத்துச் சொல்வோம்? மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் அதை எடுக்காதீர்கள்.

படி 2: கணக்குகளை ஒழுங்குபடுத்துங்கள்

சோதனை தொடங்கும் முன் செய்ய வேண்டிய சலிப்பான வேலை இது. இதைத் தாண்டிப்போனால் பின்னால் வரும் எந்த எண்ணையும் நம்ப முடியாது.

டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்), அனலிட்டிக்ஸ் (வருகையைக் கணக்கிடும் கூகுள் சேவை), விளம்பரக் கணக்கு மூன்றும் கடைக்காரரின் பெயரிலும் மின்னஞ்சலிலும் இருக்கட்டும். நீங்கள் மேலாளர் அனுமதி மட்டும் பெறுங்கள். ஏஜென்சி மாறும்போது வரும் சண்டைகளில் பல இங்கேதான் பிறக்கின்றன.

அடுத்து நேர மண்டலம். அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில் கணக்கு திறந்து அப்படியே விட்டிருந்தால், அங்கே நள்ளிரவு ஆகும்போது மொரிசியசில் காலை 11 மணி. அவர்களுடைய குளிர்காலத்தில் 12 மணி. அதாவது காலையில் கடைக்கு வந்த ஆர்டர் எல்லாம் அறிக்கையில் முந்தைய நாளில் விழும். ஞாயிறு சலுகை சனிக்கிழமை பலன் தந்ததுபோலத் தெரியும். அனலிட்டிக்ஸில் மண்டலத்தை மாற்றலாம், ஆனால் அன்றிலிருந்துதான் சரியாகும். பழைய தரவு திருந்தாது. விளம்பரக் கணக்கில் பிறகு மாற்றுவது பெரும்பாடு. திறக்கும்போதே மொரிசியஸ் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

நாணயமும் அப்படித்தான். ஜிஏ4-இல் (கூகுள் அனலிட்டிக்ஸின் இன்றைய பதிப்பு) இயல்பாக டாலர் இருக்கும், மொரிசியஸ் ரூபாய்க்கு மாற்றுங்கள். விற்பனை நிகழ்வு அனுப்பும்போது தொகையோடு நாணயக் குறியீடும் போக வேண்டும். இல்லாவிட்டால் ஆர்டர் எண்ணிக்கை ஏறும், வருமானம் ஏறாது. பிரெஞ்சு முறையில் ஆயிரத்துக்கு இடைவெளியும் தசமத்துக்குக் காற்புள்ளியும் போட்ட விலையை அப்படியே அனுப்பினால் தொகை தப்பாகப் பதியும். இடைவெளி நீக்கி, தசமத்துக்குப் புள்ளி வைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

தரவு வைத்திருக்கும் காலம் ஜிஏ4-இல் இயல்பாக 2 மாதம். அதை 14 மாதமாக்குங்கள். மாற்றும் முன் அழிந்த தரவு திரும்பி வராது. கடந்த தைப்பூசத்தை இந்தத் தைப்பூசத்தோடு விரிவாக ஒப்பிட நினைக்கும்போதுதான் பலர் இதைக் கவனிக்கிறார்கள்.

படி 3: வாட்ஸ்அப்பில் முடியும் விற்பனையை அளவெடுங்கள்

வேலையின் உயிர்நாடி இந்தப் படிதான். தளத்தில் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் விலை கேட்டு, வங்கி ஆப்பில் பணம் அனுப்பி, கடைக்கு வந்து பொருளை வாங்கிக்கொள்கிறார் வாடிக்கையாளர். அனலிட்டிக்ஸுக்கு இதில் முதல் பகுதி மட்டும்தான் தெரியும். அதை நம்பினால் நல்ல விளம்பரத்தை நிறுத்தி, மோசமானதற்குப் பணம் கொட்டுவீர்கள்.

வாட்ஸ்அப் லிங்க்கில் முன்கூட்டியே எழுதிய செய்தி வைக்க வசதி உண்டு. ஒவ்வொரு விளம்பரத்துக்கும், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சிறு குறியீட்டை அந்தச் செய்தியின் கடைசியில் வையுங்கள். “காவடி வஸ்திரம் பற்றிக் கேட்க வேண்டும். கா-3” என்பதுபோல. வாடிக்கையாளர் அனுப்பு பொத்தானை அழுத்தினால் குறியீடும் கூடவே வந்துவிடும். கடையில் போன் எடுப்பவர் ஒரு தாளில் நான்கு கட்டம் நிரப்பினால் போதும்: தேதி, குறியீடு, விற்றதா இல்லையா, தொகை. வாரக் கடைசியில் அந்தத் தாளையும் விளம்பரச் செலவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தப் புது மென்பொருளும் இதைவிடத் தெளிவாகச் சொல்லாது.

இதிலும் தவறு நடக்கும் இடங்கள் உண்டு. எண்ணை, நாட்டுக் குறியீடான 230 என்று தொடங்கி, கூட்டல் குறியும் இடைவெளியும் இல்லாமல் எழுத வேண்டும். மொரிசியசில் 2013 செப்டம்பரில் கைபேசி எண்களுக்கு முன்னால் 5 சேர்ந்து எட்டு இலக்கமானது. பழைய போர்டைப் பார்த்து ஏழு இலக்கம் தட்டிய லிங்க்குகள் இன்னும் அங்கங்கே கிடக்கின்றன, அவை எங்கும் போகாது. குறியீடு நீளமாக இருந்தால் ஆட்கள் அழித்துவிடுகிறார்கள். இரண்டு, மூன்று எழுத்தோடு நிறுத்துங்கள். போன் எடுப்பவருக்கு இது எதற்கு என்று உட்காரவைத்துச் சொல்லுங்கள். காரணம் தெரியாத தாள் பத்தாவது நாளில் காலியாகிவிடும்.

வருகை எங்கிருந்து வந்தது என்று காட்ட லிங்க்கில் சேர்க்கும் யுடிஎம் குறிகளைப் பற்றி இரண்டே விஷயம். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறாகக் கணக்காகும். அதனால் எல்லாம் சிறிய எழுத்தில். தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் லிங்க்கில் யுடிஎம் போடாதீர்கள். வந்தவர் எங்கிருந்து வந்தார் என்ற தடம் குழம்பிவிடும்.

இன்னொன்று ஐபோன். பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் வைக்கும் குக்கியை (வந்தவரை அடையாளம் காண உலாவியில் வைக்கும் சிறு பதிவு) சஃபாரி 2019 முதல் 7 நாளோடு அழித்துவிடுகிறது. தீபாவளிப் பட்டுக்கு இரண்டு வாரம் யோசித்து வாங்குபவர் அறிக்கையில் புது ஆளாகவே தெரிவார். வாட்ஸ்அப் குறியீட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

படி 4: வாரம் அரை மணி நேரம் மேயுங்கள்

அமெரிக்க நிறுவனங்களின் அறிவிப்பு இங்கே பெரும்பாலும் இரவில்தான் வந்து விழும். அந்த நேரத்தில் பரபரக்காதீர்கள். வாரத்தில் ஒரு காலை போதும். குரோம் பிளாட்ஃபார்ம் ஸ்டேட்டஸ் பக்கம், சஃபாரி வெளியீட்டுக் குறிப்புகள், கூகுள் தேடலின் நிலைப் பலகை, மெட்டாவின் டெவலப்பர் மாற்றப் பட்டியல் ஆகிய நான்கையும் மூலத்திலேயே படியுங்கள். “இனி எல்லாம் மாறிவிட்டது” என்று கூவும் வீடியோக்களைவிட இவை சுருக்கமானவை, பிழை குறைந்தவை.

ஒரு வசதி முதிர்ந்துவிட்டதா என்று பார்க்க ‘பேஸ்லைன்’ என்ற அடையாளம் இருக்கிறது. முக்கிய உலாவிகள் எல்லாம் ஏற்றதும் ‘புதிதாகக் கிடைக்கிறது’. அதிலிருந்து 30 மாதம் கழிந்தால் ‘பரவலாகக் கிடைக்கிறது’. ஏவிஃப் பட வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குரோமில் 2020, ஃபயர்ஃபாக்ஸில் 2021, சஃபாரியில் 2022, கடைசியாக எட்ஜில் 2024 ஜனவரி. முன்கூட்டியே எடுக்கத் தகுந்தது இந்த மாதிரிதான். ஏனென்றால் பிக்சர் டேக்குக்குள் (ஒரே படத்தைப் பல வடிவத்தில் தரும் குறி) முதலில் ஏவிஃப், அடுத்து வெப்பி, கடைசியில் ஜேபெக் என்று வைத்தால், தெரியாத உலாவி தனக்குத் தெரிந்ததை எடுத்துக்கொள்ளும். யாருக்கும் பக்கம் உடையாது.

வலைத்தள நோட்டிபிகேஷன் இதற்கு நேர்மாறு. ஐபோனில் அது 2023 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 16.4 முதல்தான் உண்டு; அதுவும் தளத்தை முகப்புத் திரையில் சேர்த்தவருக்கு மட்டும். துணிக்கடைத் தளத்தை எத்தனை பேர் முகப்புத் திரையில் சேர்ப்பார்கள்? விட்டுவிடுங்கள்.

படி 5: தூரத்தைக் குறைக்கும் புதுமைக்கு முதலிடம்

தீவில் இருப்பவர்கள் முதலில் எடுக்க வேண்டியது வேகம் சார்ந்த தொழில்நுட்பம். காரணம் கணக்கில் தெரியும். தளம் ஐரோப்பாவில் உள்ள சர்வரில் இருந்தால், கடலடிக் கேபிள் வழியாக ஒரு சமிக்ஞை போய்த் திரும்ப 200 மில்லிசெகண்ட் ஆகும் என்று வையுங்கள். பழைய முறையில் இணைப்புக்கு ஒரு சுற்று, பாதுகாப்புக்கு ஒரு சுற்று, பக்கம் கேட்க ஒரு சுற்று. முதல் எழுத்து வருவதற்குள் 600 மில்லிசெகண்ட் கரைந்துவிடும். முக்கிய உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். அதில் கால்வாசி தூரத்துக்கே போய்விட்டது.

2022 ஜூனில் தரநிலையான ஹெச்டிடிபி/3 (உலாவியும் சர்வரும் பேசும் முறையின் புதிய பதிப்பு), முதல் இரண்டு சுற்றையும் ஒன்றாக்குகிறது. அதே கணக்கில் 200 மில்லிசெகண்ட் மிச்சம். தளத்தின் நகலைப் பயனருக்கு அருகில் வைத்துத் தரும் பல சிடிஎன் சேவைகளில் இது ஒரு பொத்தான்தான். செய்யும் வரிசை:

1. மாற்றத்துக்கு முன், வைஃபையை அணைத்துவிட்டு, கைபேசி டேட்டாவில் முகப்புப் பக்கத்தையும் அதிகம் விற்கும் பொருளின் பக்கத்தையும் ஐந்து ஐந்து முறை திறந்து நேரம் குறியுங்கள். ஐந்தையும் வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுங்கள்.
2. சிடிஎன் வழியாகத் தளத்தைத் திருப்பி, படங்களும் ஸ்டைல் கோப்புகளும் அங்கே சேமிக்கப்படுகிறதா என்று பாருங்கள்.
3. ஹெச்டிடிபி/3-ஐ இயக்குங்கள்.
4. முகப்புப் படத்தை 150 கேபிக்குள் கொண்டுவாருங்கள். அந்தப் படத்துக்கு மட்டும் ‘தாமதமாக ஏற்று’ என்ற குறி இருக்கக் கூடாது.
5. மறுபடி ஐந்து முறை அளந்து ஒப்பிடுங்கள்.

வழக்கமாகத் தப்பிப்போவது நான்காவது. வேர்ட்பிரஸ் பிளக்இன்கள் எல்லாப் படத்துக்கும் தாமதக் குறியைப் போட்டுவிடும். முகப்புப் படமும் கடைசியில் வரும். இன்னொரு பொறி, பேஜ்ஸ்பீட் (கூகுளின் வேகச் சோதனைக் கருவி) மதிப்பெண்ணைக் குனிந்து வணங்குவது. அந்த ஆய்வக எண் வேறெங்கோ உள்ள கணினியில் எடுக்கப்படுகிறது. நிஜ மனிதர்களின் தரவு 28 நாளுக்குச் சேர்த்துக் காட்டப்படும், ஆனால் சிறு தளங்களுக்குப் போதிய வருகை இல்லாததால் அந்தப் பகுதியே காலியாக இருக்கும். கடைக்காரரின் மத்திய விலை ஆண்ட்ராய்டு போன்தான் உங்கள் ஆய்வகம்.

படி 6: சோதனைக்கு எத்தனை பேர் வேண்டும் என்று முன்பே கணக்கிடுங்கள்

100 பேரில் 3 பேர் வாட்ஸ்அப்பை அழுத்துகிறார்கள், புதுப் பக்கத்தால் அது 4 ஆகும் என்று நினைக்கிறீர்கள். அதை நம்பத்தகுந்த முறையில் நிரூபிக்க பழைய பக்கம், புதுப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் சுமார் 5,300 பேர் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து 10,000-க்கு மேல். மாதம் 1,500 பேர் வரும் கடைக்கு ஏழு மாதம். அதற்குள் சீசனே மாறிவிடும். அதே கடையில் 3 என்பது 6 ஆகும் அளவுக்குப் பெரிய மாற்றத்தைச் சோதித்தால், பக்கத்துக்கு 750 பேர் போதும். ஒரே மாதம்.

ஆகவே இங்கே பொத்தானின் நிறத்தைச் சோதித்துக்கொண்டிருப்பது வீண். விலையைக் காட்டுவதா மறைப்பதா, ஆறு படமா ஒரு வீடியோவா, படிவமா வாட்ஸ்அப்பா: இப்படிப் பெரிய வித்தியாசங்களைச் சோதியுங்கள். நடுவில் எட்டிப்பார்த்து, எண் பிடித்திருக்கிறது என்று நிறுத்தவும் கூடாது. குறித்த எண்ணிக்கை சேரும்வரை ஓடட்டும்.

போன வருடத்தோடு ஒப்பிடுவதில் ஒரு கண்ணி இருக்கிறது. தைப்பூசம் 2024-இல் ஜனவரி 25. 2025-இல் பிப்ரவரி 11. தேதிக்குத் தேதி ஒப்பிட்டால் விற்பனை சரிந்ததாகவோ பறந்ததாகவோ பொய்யாகத் தெரியும். தைப்பூசத்துக்கு முந்தைய 21 நாள் என்று இரண்டு ஆண்டிலும் எடுத்து ஒப்பிடுங்கள். கொடியேற்றமும் விரதமும் தொடங்கும்போதே வாங்குபவர்கள் வந்துவிடுவார்கள். அதனால் விளம்பரம் அதற்கு ஒரு வாரம் முன்பே ஓட வேண்டும்.

புயல் பருவமும் கணக்கைக் குலைக்கும். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலில் போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் ஓடியது. 2-ஆம் வகுப்புப் புயல் எச்சரிக்கை வந்ததுமே நேரம் குறித்து வைத்த பதிவுகளையும் விளம்பரங்களையும் நிறுத்துங்கள். 3-ஆம் வகுப்பில் ஊரே அடைந்துகிடக்கும்போது “இன்று மட்டும் தள்ளுபடி” என்று கடையின் பெயரில் போவது மனிதத்தன்மை இல்லாத செயல். அந்த நாள்களைச் சோதனைக் கணக்கிலிருந்தும் எடுத்துவிடுங்கள்.

படி 7: மொழிக் குறிகள்

விளம்பர வாசகம் கிரியோலில், பொருள் விவரம் பிரெஞ்சில், விதிமுறை ஆங்கிலத்தில், பண்டிகை வாழ்த்து தமிழில் என்று ஒரே கடை நான்கு மொழியில் பேசும். தேடுபொறிக்கு மொழிப் பதிப்பைச் சொல்லும் ஹெச்ரெஃப்லேங் குறியில் பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் நாட்டுக் குறியீட்டோடு எழுதலாம். மொரிசியஸ் கிரியோலுக்கு மூன்றெழுத்துக் குறியீடு மட்டுமே உண்டு, இரண்டெழுத்து இல்லை; கூகுளின் ஹெச்ரெஃப்லேங் இரண்டெழுத்தைத்தான் ஏற்கும். எனவே கிரியோல் பக்கத்தை அந்தப் பட்டியலில் சேர்க்காமல், பக்கத்தின் சொந்த மொழிக் குறியில் மட்டும் மூன்றெழுத்தைப் போடுங்கள். பிரெஞ்சுப் பக்கம் ஆங்கிலப் பக்கத்தைச் சுட்டினால், ஆங்கிலப் பக்கமும் திருப்பிச் சுட்ட வேண்டும். ஒருவழிச் சுட்டல் செல்லாது.

படி 8: மின்னஞ்சல்

2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் கண்டிப்பாகிவிட்டன. அனுப்புநர் யாராக இருந்தாலும் எஸ்பிஎஃப் (டொமைனின் பெயரில் யார் அனுப்பலாம் என்ற பட்டியல்) அல்லது டிகிம் (மடலின் டிஜிட்டல் கையொப்பம்) வேண்டும். நாளுக்கு 5,000-க்கு மேல் அனுப்பினால் இரண்டோடு டிமார்க்கும் (சரிபார்ப்பில் தேறாத மடலை என்ன செய்வது என்ற விதி) ஒரே அழுத்தில் விலகும் வசதியும். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. சிறு கடையானாலும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் வையுங்கள்.

டொமைனில் எஸ்பிஎஃப் பதிவு ஒன்றுதான் இருக்கலாம். நியூஸ்லெட்டர் சேவைக்கு இன்னொன்று தனியாகச் சேர்த்தால் இரண்டுமே செல்லாமல் போகும். ஒரே வரியில் இணையுங்கள். அதற்குள் டிஎன்எஸ் (டொமைன் விவர அட்டவணை) தேடல் 10-ஐத் தாண்டினாலும் பிழை. டிமார்க்கை முதலில் ‘கண்காணிப்பு மட்டும்’ நிலையில் நான்கு வாரம் விட்டு, கடையின் பெயரில் யார் யார் அனுப்புகிறார்கள் என்று அறிக்கையில் பார்த்தபின் இறுக்குங்கள். திறப்பு விகிதத்தை மறந்துவிடுங்கள். 2021 செப்டம்பரில் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை மாற்றத்துக்குப் பிறகு திறக்காத மடலும் திறந்ததாகத் தெரியும். கிளிக்கும் பதிலும்தான் எண்.

படி 9: சட்டம்

மொரிசியசின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2017, 2018 ஜனவரி 15 முதல் அமலில் இருக்கிறது. வாடிக்கையாளர் விவரம் சேர்க்கும் கடை தரவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் பதிவுசெய்ய வேண்டும். கல்யாண வரவேற்பில் வாங்கிய போன் எண் பட்டியலை விளம்பரத்துக்குப் போடாதீர்கள். அந்த எண்ணைக் கொடுத்தவர்கள் இதற்குச் சம்மதிக்கவில்லை. கடை ரீயூனியனுக்கும் பொருள் அனுப்புகிறது என்றால், அது பிரான்சின் பகுதி. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் பொருந்தும். குக்கி சம்மதம் கிடைக்கும் முன் விளம்பர டேக் (வந்தவரைப் பின்தொடரும் சிறு நிரல்) ஓடக் கூடாது.

படி 10: ஏஐ தேடலும் ரோபாட்ஸ் கோப்பும்

தளத்தை எந்தத் தானியங்கி படிக்கலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பை 1994-இல் மார்ட்டின் கோஸ்டர் முன்மொழிந்தார். முறையான தரநிலையானது 2022-இல்தான். 28 ஆண்டும் அது நல்லெண்ணத்தில் ஓடியது, ஏனென்றால் தேடுபொறிகள் அதை உண்மையிலேயே படித்தன. இப்போது ஏஐ மாதிரிகளுக்காக எல்எல்எம்எஸ் என்ற இன்னொரு கோப்பு 2024 செப்டம்பரில் முன்மொழியப்பட்டிருக்கிறது. கூகுள் தேடல் அதைப் பயன்படுத்துவதில்லை. பத்து நிமிட வேலை என்றால் வையுங்கள். அதற்கென்று கடைக்காரரிடம் தனிக் கட்டணம் வாங்குவது நியாயமில்லை.

ஏஐ பயிற்சிக்குத் தளத்தைத் தர விருப்பமில்லை என்றால் ஜிபிடிபாட் (ஓபன்ஏஐயின் தானியங்கி), கூகுள்-எக்ஸ்டெண்டட் (கூகுளின் ஏஐ பயிற்சிக்கான பெயர்) ஆகிய பெயர்களை ரோபாட்ஸ் கோப்பில் தடுக்கலாம். கூகுள்-எக்ஸ்டெண்டட்டைத் தடுப்பது தேடல் தரவரிசையைப் பாதிக்காது. கூகுள் தேடலின் தானியங்கியான கூகுள்பாட்டைத் தடுத்தால் அந்தத் தளத்தைத் தேடுபொறியால் படிக்கவே முடியாமல் போகும். இரண்டு பெயரையும் குழப்பிக்கொண்டு தளத்தையே மறைத்துவிட்டவர்கள் உண்டு. மாற்றியபின் சர்ச் கன்சோலில் (தேடலில் தளத்தின் நிலையைக் காட்டும் கூகுள் கருவி) ஒரு பக்கத்தைச் சோதித்துப் பாருங்கள்.

படி 11: முடிந்த சோதனையைக் கழற்றுங்கள்

தோற்ற சோதனையின் டேக்கும் ஸ்கிரிப்டும் தளத்திலேயே தங்கிவிடுவது எல்லாக் கடையிலும் நடக்கிறது. ஒவ்வொன்றும் பக்கத்தைச் சிறிது சிறிதாக மெதுவாக்கும். தொடங்கும்போதே முடிவுத் தேதியை எழுதி வையுங்கள். அந்தத் தேதியில் டேக் மேனேஜரைத் திறந்து, பழைய டேக்கை இடைநிறுத்தி, ஒரு வாரம் எதுவும் உடையவில்லை என்றால் அழியுங்கள். குக்கி அறிவிப்பில் அந்தச் சேவையின் பெயர் இருந்தால் அதையும் எடுங்கள். அந்தச் சேவைக்குக் கொடுத்த கார்டு எண்ணை நீக்கி, இலவசச் சோதனைக் காலம் கட்டணமாக மாறாமல் இருக்கிறதா என்று அடுத்த மாத வங்கிக் கணக்கில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.